ஒரகடம் சாலையில் ஒரு பறவை விழுந்து கிடந்தால்...

வண்டலூரில் இருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டியதும் காட்சி மாறிவிடும். இரண்டு பக்கமும் தொழிற்சாலை மதில்கள், கன்டெய்னர் லாரிகள், ஷிப்ட் பேருந்துகள். ஒரகடத்தில் வலப்பக்கம் திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் அவதரித்த ஊர் என்பார்கள் பெரியவர்கள். பிள்ளைகளைக் கேட்டால் கார் கம்பெனி ஊர் என்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் ஆலை வந்தது.

இதற்கெல்லாம் முன்னால் இது ஏரிகளின் பூமி. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ‘ஏரி மாவட்டம்’ என்றே பெயர். இன்றும் ஆலைகளுக்கு நடுவே ஏரிகள் மிச்சமிருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஏரி இருக்கிறது, ஒரகடம் ஏரி இருக்கிறது, கொஞ்சம் கிழக்கே செம்பரம்பாக்கம் இருக்கிறது. கரையோரம் வண்டியை நிறுத்திப் பாருங்கள். நத்தை தேடும் நத்தைகுத்தி நாரை, அசையாமல் நிற்கும் மடையான், மின்கம்பியில் கரிச்சான், ஆளைக் கண்டதும் கத்தும் ஆள்காட்டி எல்லாம் கண்ணில் படும்.

ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் போக, இந்தப் பறவைகள் நெடுஞ்சாலையையும் மின்கம்பிகளையும் கண்ணாடிச் சுவர்களையும் கடக்க வேண்டும். கண்ணாடியில் தெரியும் வானத்தை நிஜ வானம் என்று நம்பி மோதுகின்றன. இரவில் எலி பிடிக்கத் தாழப் பறக்கும் ஆந்தைகள் வண்டியில் அடிபடுகின்றன. பட்டம் விடும் நாட்களில் மாஞ்சா நூல் இறக்கையை அறுக்கிறது. நைலான் மாஞ்சாவை 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது. ஆனாலும் மரக்கிளைகளில் அந்த நூல் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

வேலை முடிந்து வரும்போது இப்படி ஒரு பறவை சாலையோரம் கிடந்தால் என்ன செய்யலாம்?

முதலில், அடிபட்டதுதானா என்று பாருங்கள். இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகும் குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது என்று அர்த்தம். பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு விலகி நின்றால் போதும், தாய் வரும். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கைதான்.

ரத்தம், தொங்கும் இறக்கை, எழ முடியாத நிலை என்றால் ஒரு துண்டைப் போர்த்தி மெதுவாக எடுங்கள். கொக்கு, நாரை வகை என்றால் அலகு உங்கள் கண்ணுக்கு நேரே வராமல் தள்ளிப் பிடியுங்கள். அவை கண்ணைப் பார்த்துத்தான் கொத்தும். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து, பறவையை வைத்து மூடுங்கள். இந்தப் பக்கம் அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமே இல்லை! ஒற்றை அறை வாடகை வீடு என்றாலும் டிவி சத்தம், பூனை, குழந்தைகளின் கை எட்டாத ஓர் இருட்டு மூலை கிடைக்கும். கண்ணாடியில் மோதி மயங்கிய பறவை பல சமயம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே தெளிந்துவிடும்.

அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் போனால் உயிரே போய்விடும். பால், பிஸ்கட், சோறு வேண்டாம். காயத்தில் எண்ணெய் தடவினால் இறகு ஒட்டிக்கொண்டு பறக்க முடியாமல் போகும். பூனை கவ்விய பறவை என்றால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பூனையின் எச்சில் கிருமிகள் வேகமாகப் பரவும்.

வீட்டின் வேலை இவ்வளவுதான். ஆசையாக வளர்க்கக் கூடாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அதன் பட்டியலில் உள்ள பறவை கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். பச்சைக்கிளிக்கும் இது பொருந்தும். சிகிச்சைக்குப் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையைக் கேட்கலாம். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது.

வீட்டிலேயே வைத்துப் பிழைக்க வைத்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். டெல்லி வசீராபாத்தில் நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் என்ற சகோதரர்கள், வீட்டின் அடித்தளத்தில் ஆயிரக்கணக்கான பருந்துகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அவர்களைப் பற்றிய ‘ஆல் தட் பிரீத்ஸ்’ ஆவணப்படம் 2022-ல் கேன்ஸ் விழாவில் விருது வாங்கியது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் பல வருடப் பழக்கமும், கால்நடை மருத்துவர்களின் உதவியும், மொட்டை மாடியில் பறந்து பழகப் பெரிய கூண்டும் இருந்தன. நம் பால்கனியில் அது நடக்காது. மனிதர் கையில் தின்று பழகிய குஞ்சுக்கு, இரை தேடவும் தெரியாது, பயப்படவும் தெரியாது.

பறவையை ஒப்படைக்கும்போது எடுத்த இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். குணமானதும் முடிந்தவரை அதே இடத்தில் விடுவதுதான் முறை. அங்கேதான் அதற்கு இரையும் துணையும் தெரியும். ‘சிப்காட் பக்கம், மூன்றாவது கேட்’ என்று சொன்னால் போதாது. அருகில் எந்த ஏரி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும்.