சரியா, ரத்தா?

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் அப்பளமும் காப்பிப்பொடியும் விற்கும் ஒரு கடை. அங்கே கணக்கு எழுதுபவருக்கு 65 வயதிருக்கும். போன வருடம் ஒரு மாத காலம் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணம் பிழைப்பு. வங்காளிக் கதைகளை மொழிபெயர்ப்பவன் நான். தமிழ்நாட்டில் விற்கப்போகும் ஒரு பில் போடும் சாஃப்ட்வேரின் திரை வாசகங்களைத் தமிழாக்கும் வேலை வந்தது. அனுப்பியது வெறும் சொற்பட்டியல். எந்தச் சொல் எந்தத் திரையில் வரும் என்ற தகவலே இல்லை. 'போஸ்ட்' என்பதற்கு 'தபாலில் அனுப்பு' என்று எழுதினேன். எம்.ஏ. தமிழ் கைகொடுக்கவில்லை. "பேரேட்டுல ஏத்தறதை சார் போஸ்டிங்னு சொல்றது" என்று சிரித்தார் பெரியவர்.

'கேன்சல்' வந்த இடமெல்லாம் 'ரத்து' என்று போட்டேன். சோதனைத் திரை வந்தது. 'இந்த பில்லை ரத்து செய்யவா?' என்று கேட்டது. கீழே இரண்டு பட்டன்: 'சரி', 'ரத்து'. ரத்து செய்ய நினைத்த பெரியவர் 'ரத்து' என்பதை அழுத்தினார். பில் அப்படியே நின்றது. நிஜக் கடையில் இது நடந்தால், நடக்காத விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டிவரும்.

அவர் திரையைக் குறை சொல்லவில்லை. "வயசாயிடுச்சு சார்" என்றார். பின்னால் முதலாளி நின்றுகொண்டிருந்தார். ஓர் இளைஞனை வேலைக்கு வைப்பது பற்றி ஏற்கெனவே பேச்சு இருந்தது. தப்பு என்னுடையது என்று உரக்கச் சொன்னேன். முதலாளி காதில் விழுந்ததா, தெரியாது.

அதன் பிறகுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். ஜேக்கப் நீல்சன் 1994-இல் தொகுத்த பத்து விதிகளில் ஒன்று, கம்ப்யூட்டர் தன்னைப் பயன்படுத்துபவரின் மொழியில் பேச வேண்டும் என்கிறது. பட்டன் மீது 'சரி' என்று பொதுவாகப் போடாமல் நடக்கப்போகும் செயலையே எழுதவேண்டும் என்பது இன்னொரு பாலபாடம்.

பெரியவர் இதையெல்லாம் படித்ததில்லை. படா பஜாரில் ஒரு மார்வாரி கத்தியில் இருந்தபோது டாலி பழகியவர். பெங்களூரில் 1986-இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத்தும் தொடங்கிய நிறுவனத்தின் சாஃப்ட்வேர் அது. அப்பா வியாபாரி. அதனால்தானோ என்னவோ, கணக்குகளுக்குக் குறியீட்டு எண் கேட்காமல் பெயரையே கேட்டது டாலி. சிவப்புத் துணி போர்த்திய பஹி காதாவில் ஆள் பெயரைத் தேடிப் பழகியவர்களுக்கு வேறென்ன வேண்டும்? பெரியவரின் விரல் மவுசைத் தொடுவதில்லை. பணம் கொடுத்தால் எஃப் 5, விற்றால் எஃப் 8. கண் முழுக்க பில்லில்தான்.

பட்டன்களை 'நீக்கு', 'விட்டுவிடு' என்று மாற்றிக் காட்டினேன். தலையை ஆட்டினார். "நீக்கக் கூடாது சார். ரத்தான பில்லும் வரிசை நம்பரோட புஸ்தகத்துல இருக்கணும். 'ரத்து செய்'னே போடுங்க."

சரி, மற்றது? 'விட்டுவிடு' பட்டனுக்குள் அடங்காது என்று கம்பெனி திருப்பியனுப்பியது. 'விடு' என்று சுருக்கினேன்.

"எதை விடணும்?" என்றார் பெரியவர். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "'வேண்டாம்'னு போடுங்களேன். நாலே எழுத்து."