கொம்பு மாறிய தெய்வம்

பச்சை குத்திக்கொள்வது சரியா தவறா என்று வழக்காட நான் வரவில்லை, அன்பு வாசகர்களே. அந்த வழக்கு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். எங்கள் வீட்டிலும் நடந்தது. எங்கள் பாட்டியின் முன்கை இரண்டிலும் பச்சை இருந்தது. ஒரு கையில் கோலம், மறு கையில் தேள். அந்தக் கையால் சோறு வாங்கித் தின்று வளர்ந்தவள் நான். இன்றைய பிள்ளைகளைப் பார்த்து, "ஐயையோ, உடம்பைக் கெடுத்துக்கொண்டாயே!" என்று கூச்சல் போட்டால் நன்றாகவா இருக்கும்?

நான் சொல்ல வந்தது வேறு. அரிசியில் கல் கிடந்தால் கடைக்காரனிடம் மூட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம். தையல்காரன் சட்டையைக் குட்டையாகத் தைத்துவிட்டால் சண்டை போட்டுப் பிரித்துத் தைக்கச் சொல்லலாம். காசு கொடுத்துத் தோலுக்குள் குத்திய எழுத்து பிழையாகிப் போனால் என்ன செய்வது? அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழியுமில்லையே!

இது என் தங்கை மகனுக்கு நேர்ந்தது. தங்கை கெடாவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை செய்தவள். சிறுநீரகம் பழுதாகி மூன்று வருடம் டயாலிசிசுக்கு அலைந்து, நாற்பது வயது தாண்டியதும் போய்விட்டாள். ஒரே பையன். இப்போது இருபத்திரண்டு வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு 'ஷிப்ட்' பார்க்கிறான். என் தங்கை கணவருக்கு வேலை கிடைத்த இடத்தில் தமிழ்ப்பள்ளி இல்லை. அதனால் பையன் மலாய்ப்பள்ளியில் படித்தான். வாய் நிறையத் தமிழ் பேசுவான். ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. நான் இதை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

அம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு, "தாயே தெய்வம்" என்று இடது முன்கையில் குத்திக்கொள்ள ஆசைப்பட்டான். சிநேகிதன் ஒருவன் அதைச் சரியாகவே தமிழில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். ஜார்ஜ் டவுனில் ஒரு கடை. பெயர் வேண்டாம். கடை துப்புரவான கடைதான். குத்துகிறவன் சீன இளைஞன். கையுறை போட்டிருக்கிறான், பையன் கண்ணெதிரே புது ஊசிப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறான். இந்த விஷயத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவருக்குப் போட்ட ஊசியை அடுத்தவருக்கும் போட்டால் மஞ்சள்காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் தொற்றும். ஒழுங்காகக் குத்தினாலும் சில மாதத்துக்கு இரத்ததானம் செய்ய அனுமதிக்க மாட்டார்கள். இதெல்லாம் பையனுக்கும் தெரிந்திருந்தது. இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆங்கிலத்தில் ஒரு தாள் நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டான். 350 வெள்ளி.

மூன்று வாரம் கழித்துத் தைப்பூசம். நாங்கள் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துத் தண்ணீர்மலைக்குப் போயிருந்தோம். பையனும் அம்மாவின் பெயரால் பால்குடம் எடுத்து வந்தான். போனவர்களுக்குத் தெரியும்: கீழே தண்ணீர்ப்பந்தல்களின் சத்தம், மேலே 513 படி. 2012இல் குடமுழுக்குக் கண்ட மலைக்கோயிலைப் பார்த்தாலே மூச்சு வாங்கும். ஏறுவதற்கு முன் ஒரு பந்தலில் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றோம். என்னோடு என் மாணவி ஒருத்தி, இரண்டாம் ஆண்டு படிப்பவள். புதிதாக எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்களே, கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வரும். பந்தல் பதாகை, லாரி எண், மோர் வாளி எதையும் விடவில்லை. அண்ணன் கையையும் படித்தது.

"டீச்சர், அண்ணன் கையில 'தாய தேய்வம்'னு போட்டிருக்கு. தேய்வம்னா என்னா டீச்சர்?"

நான் குனிந்து பார்த்தேன். பிள்ளை படித்தது சரிதான். எழுத்துதான் சரியில்லை.

"என்னா பெரியம்மா?" என்றான் பையன். முருகன் சந்நிதிக்குப் போகிற பிள்ளையிடம் அந்த இடத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஒன்றுமில்லை, ஏறுப்பா" என்றேன். ஆனால் என் முகத்தை அவன் பார்த்துவிட்டான். இறங்கி வந்ததும் கேட்டான். சொன்னேன். சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான், அவ்வளவுதான். வீட்டுக்குப் போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

என்ன நடந்தது என்று கேளுங்கள். கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுபோல் சொல்லுகிறேன். 'தாயே' என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு 'ய'வுக்கு முன்னால் நிற்க வேண்டும். அவன் கையில் அது 'ய'வுக்குப் பின்னால் போய்விட்டது. இடைவெளியும் சரியாக விடாததால், அடுத்த சொல்லின் 'த'வோடு ஒட்டிக்கொண்டு 'தே' ஆகிவிட்டது. அந்த 'த'வுக்கு உரிய ஒற்றைக் கொம்போ அதை விட்டுவிட்டு 'ய்'யன்னாவின் தலைமாட்டில் நிற்கிறது. தெய்வம் தேய்வமானது இப்படித்தான்!

கைப்பேசியில் சரியாக இருந்தது கடையில் எப்படி மாறியது? கொம்பை நாம் முதலில் எழுதுகிறோம். ஆனால் மெய்க்குப் பிறகுதான் அதன் ஓசை வருகிறது. கணினியும் ஓசை வரிசையிலேயே, மெய்க்குப் பின்னால்தான் கொம்பைச் சேமித்து வைக்கும். திரையில் காட்டும்போது முன்னால் தூக்கி வைக்கும். கைப்பேசிக்கு அந்த வேலை தெரியும். படம் வரையும் சில மென்பொருள்களில் அதற்கான அமைப்பைத் திறந்து வைத்தால்தான் தெரியும். இல்லாவிட்டால் சேமித்த வரிசையிலேயே துப்பிவிடும். கோயில் விழாப் பதாகைகளிலும் கல்யாண அட்டைகளிலும் இந்தக் கோளாற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2017இல் சிங்கப்பூரின் தேசிய தின அணிவகுப்புக்காக அச்சிட்ட வெளியீட்டிலேயே தமிழ் வரி பிழைபட்டு, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். பதாகையைக் கிழித்துவிட்டு வேறு அடிக்கலாம். வெளியீட்டைத் திரும்ப அச்சிடலாம்.

பையனைத் தேற்றுவதற்காக ஒன்று சொன்னேன். பந்து விளையாட்டுக்காரர் டேவிட் பெக்காம் 2000இல் தம் மனைவி விக்டோரியாவின் பெயரை இந்தி எழுத்தில் கையில் குத்திக்கொண்டார். அதில் வேண்டாத ஓர் எழுத்து நுழைந்துவிட்டது என்று உலகமே சிரித்தது. பாடகி அரியானா கிராண்டே 2019இல் 'ஏழு மோதிரம்' என்ற தம் பாட்டின் பெயரை ஜப்பானிய எழுத்தில் உள்ளங்கையில் குத்தினார். குத்திய எழுத்துக்கு ஜப்பானில் அர்த்தம், மீன் சுடுகிற சின்னக் கரி அடுப்பு! பையன் சிரிக்கவில்லை. "அவங்களுக்குக் காசு இருக்கு பெரியம்மா. அதோட, அவங்க அம்மா விஷயம் இல்லை அது" என்றான். எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை இருவரும் அந்தக் கடைக்குப் போனோம். முதலாளி மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். பேச்சு மலாயில் நடந்தது. விஷயத்தைச் சொன்னதும், பையன் கையெழுத்திட்ட தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், குத்துவதற்கு முன்னால் படத்தைக் கையில் ஒட்டிக் காட்டினோம். சரி என்றான். உங்கள் பாஷை உங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாத பாஷையை எழுதக் காசு வாங்கலாமா?" என்றேன்.

அதற்கு அவர், வேண்டுமானால் அதன்மேல் கறுப்பு ரோஜா ஒன்று குத்தி மறைத்துவிடலாம், 500 வெள்ளி ஆகும், பழைய வாடிக்கைக்காரன் என்பதால் 100 குறைத்துக்கொள்கிறேன் என்றார். தாய் பெயரால் போட்ட எழுத்தைக் கறுப்பு ரோஜாவால் மூட 400 வெள்ளி! பையன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

நான் அவனைக் கூப்பிட்டு, அந்தப் பழைய வாட்ஸ்அப் செய்தியைத் திறக்கச் சொன்னேன். கைப்பேசியையும் அவன் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "ஐயா, எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் இரண்டு சீன எழுத்தை அருகருகே வைத்தால் ஒன்றா வேறா என்று சொல்லிவிடுவேன். பூனைப் படத்தையும் எலிப் படத்தையும் பிரித்துப் பார்க்கப் பள்ளிக்கூடம் போக வேண்டுமா? அவன் அனுப்பியது இது. நீங்கள் குத்தியது இது. பாஷை வேண்டாம், கண் போதும்." அவர் வெகுநேரம் பார்த்தார். கணினி செய்தது என்றார். கணினிக்கா 350 வெள்ளி கொடுத்தோம்? பணம் திரும்பக் கிடைக்காது என்று முடித்துவிட்டார்.

நம்மில் பலர் இந்த இடத்தில் வீட்டுக்கு வந்துவிடுவோம். "போனது போகட்டும், சனியன்" என்போம். கிராணியிடம் ஏச்சு வாங்கிப் பழகிய பரம்பரை அல்லவா! இந்த நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பொருளுக்கு மட்டுமல்ல, காசு வாங்கிச் செய்யும் சேவைக்கும் அது பொருந்தும். சேவையைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும் என்பது அதன் விதி. ஒரு கையெழுத்து வாங்கிவிட்டதால் அந்த விதி ஓடிப்போய்விடாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்ய 5 வெள்ளிதான் கட்டணம். 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும். வக்கீல் வைத்து வாதாட முடியாது. அவரவர் வாயால்தான் பேச வேண்டும். அது நமக்கு நல்லதுதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: உடம்புக்கு ஏற்பட்ட காயத்துக்கு நட்டஈடு அங்கே கேட்க முடியாது, அதற்கு வேறு நீதிமன்றம். வேலை பழுது, கொடுத்த பணத்தைத் திருப்பித் தா என்று கேட்கலாம். வழி தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேட்கலாம். 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் பல்லாண்டுகள் தலைமை வகித்து வளர்த்த சங்கம் அது.

பையன் தயங்கினான். ஒரு நாள் வேலை போகுமே என்றான். பாரத்தை நான் எதிரில் உட்கார்ந்து நிரப்ப வைத்தேன். வாட்ஸ்அப் செய்தி, கையின் படம், ரசீது மூன்றையும் சேர்த்தோம். கடைக்கு அறிவிப்புப் போன பத்தாம் நாள், விசாரணைக்கு முன்பே, முதலாளியே கூப்பிட்டு 350 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். மனுவை மீட்டுக்கொண்டோம்.

பணம் வந்தது. எழுத்து இருக்கிறது. மை தோலின் உள்ளடுக்கில் போய்த் தங்கிவிடுகிறது. உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்கி அங்கேயே வைத்துக்கொள்கின்றன. லேசர் ஒளியால் உடைத்துக் கரைக்கலாமாம். ஒரு தடவையில் முடியாது, பல தடவை போக வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கட்டணம். பையன் இன்னும் முடிவு செய்யவில்லை.

பாட்டி காலத்தில் எப்படி என்று நினைத்துப் பார்க்கிறேன். ஊரில் குறத்தி வந்து குத்தினாளாம். மஞ்சள்தூளையும் அகத்திக்கீரையையும் அரைத்து, துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச்சட்டி கவிழ்த்துப் பிடித்த கரிதான் மை. அதைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, நாலைந்து தையல் ஊசியை நூலால் கட்டிக் குத்துவார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் நூறு வருடத்துக்கு முன்பே இதைப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். பாட்டியின் தேளுக்கு ஒரு பக்கம் கால் ஒன்று குறைவு. குழந்தையாக இருந்தபோது அழுது கையை இழுத்துக்கொண்டாளாம். சாகும்வரை அதைச் சொல்லிச் சிரிப்பாள். தேளுக்குக் கால் குறைந்தாலும் தேள்தான். எழுத்து அப்படி இல்லையே!

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், தாய்மார்கள் கவனியுங்கள். திருவிழாக் கூட்டத்திலும் இரவுச் சந்தையிலும் பத்து வெள்ளிக்குக் 'கறுப்பு மருதாணி' போட்டுவிடுகிறார்கள். பத்து நாளில் அழிந்துவிடும், பிள்ளைக்கு ஆசைதானே என்று கையை நீட்டச் சொல்கிறோம். அசல் மருதாணி ஒரு நாளும் கறுக்காது. செம்பழுப்புத்தான், அதற்கும் பல மணி நேரம் ஊற வேண்டும். அரைமணியில் கருகருவென்று பிடித்தால், தலைமுடிச் சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற இரசாயனம் கலந்திருக்கலாம். எங்கள் பள்ளி மாணவி ஒருத்திக்கு ஒரு வாரம் கழித்து, போட்ட பூவின் வடிவத்திலேயே கொப்புளம் எழும்பிவிட்டது. டாக்டர், இனி இவள் பெரியவளானாலும் தலைக்குச் சாயம் பூசக் கூடாது, ஒவ்வாமை உடம்பில் நின்றுவிடும் என்று சொல்லி அனுப்பினார். போட்டுவிட்ட ஆள் யார், எங்கே போனான்? திருவிழா முடிந்தால் கடையே இல்லை. நடுவர் மன்றத்துக்கு யார்மேல் எழுதுவது?

பையனுடைய தொழிற்சாலை நண்பர்களுக்கு இந்தக் கதை பரவிவிட்டது. குத்துவதற்கு முன் கையில் ஒட்டும் படத்தை எனக்கு அனுப்பிக் கேட்கிறார்கள். "வேண்டாமே தம்பி" என்று முதலில் ஒரு வரி எழுதுவேன். அது என் கடமை. பிறகு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துச் சொல்வேன். இதுவரை நான்கு பேர் அனுப்பினார்கள். மூன்று சரியாக இருந்தது. ஒன்றில் 'அம்மா' என்பது 'அம்மர' என்று இருந்தது. காலுக்குப் பதில் 'ர' போட்டிருந்தார்கள். வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதி, படம் பிடித்துத் திருப்பி அனுப்பினேன்.