கடைசி ஆள்

சைக்கிள் ஓட்டப் பழகியபோது எனக்கு வயது நாற்பது. கொழும்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கொத்மலையில் பிறந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சைக்கிளைக்கூட நான் கண்டதில்லை. ஏற்றத்தில் நாம் அதைச் சுமக்க வேண்டும், இறக்கத்தில் அது நம்மைக் கொன்றுவிடும். சமதரை என்று இருந்தவை பெரட்டுக்களமும் கோயில் முற்றமும்தான். கணக்கப்பிள்ளையிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. மற்ற எல்லோருக்கும் கால்.

பதினேழு வயதில் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றுக்கு வேலைக்கு வந்தேன். இரவு வகுப்பில் கணக்கியல் படித்து, அலுவலகக் கதிரை ஒன்றைப் பிடித்து, வெள்ளவத்தையில் வாடகை வீடெடுத்து, பழைய கார் ஒன்றும் வாங்கி நிமிர்ந்தபோது 2022 வந்தது. பெற்றோல் இல்லை. காரை வரிசையில் விட்டுவிட்டு அதற்குள்ளேயே இரண்டு இரவு தூங்கினேன். ஜூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் கோட்டா வருவதற்குள் ஊரில் சைக்கிள் விலை கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது. கியர் வைத்த பழைய வண்டி ஒன்றை யாரோ விற்றார்கள், வாங்கினேன். மரின் டிரைவில் விடியற்காலை ஐந்து மணிக்கு, யாரும் பார்க்காத நேரத்தில் விழுந்து விழுந்து பழகினேன். மூன்று மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரர்கள் சிலரோடு சேர்ந்துகொண்டேன். என்னையும் சேர்த்து எட்டுப் பேர்.

அவர்களிடம் பழைய கனவு ஒன்று இருந்தது. சீனாவின் குவாங்ஷி தன்னாட்சிப் பகுதியில் யாங்ஷுவோ என்ற ஊர். லி ஆற்றங்கரையில், வயலுக்கு நடுவில் சுண்ணாம்புக் குன்றுகள் பல் முளைத்தது போல நிற்கும். பாதை அந்தக் குன்றுகளின் காலைச் சுற்றிக்கொண்டு வயலோடு வயலாகப் போகும். குழுவாகச் சைக்கிளில் போகிறவர்களுக்கு அது பேர்போன இடம். 2020 ஏப்ரலுக்கு ஏற்பாடு செய்திருந்தார்களாம், கொரோனா வந்து கெடுத்தது. சீனா 2023 ஜனவரி 8ஆம் திகதி எல்லையைத் திறந்தபோது எங்கள் ரூபாய் படுத்துவிட்டிருந்தது. 180 ரூபாய்க்குக் கணக்குப் பார்த்த டொலர் 360ஐத் தாண்டி நின்றது. குழுவில் மூத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தொரு வயது. எல்லோருக்கும் அண்ணை. அவருடைய பணப்பையில் இருபது யுவான் தாள் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பது அதே லி ஆற்றுக் குன்றுகள்தான். "இவ்வளவுதான் நாங்கள் பாத்த சீனா" என்று எடுத்துக் காட்டுவார்.

அப்போதுதான் நான் வாயை விட்டேன். "மலைதானே வேணும்? எங்க ஊருக்குப் போவோம். ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும்."

வளைவு தெரியும் என்றது பொய்யில்லை. ஆனால் அந்த வளைவுகளில் நான் சைக்கிளை மிதித்ததே இல்லை. அதைச் சொல்லவில்லை. 'எங்க ஊர் கொத்மலை' என்று மட்டும் எப்போதும் சொல்லிவந்தேன். கேட்டவர்கள் நீர்த்தேக்கத்தை நினைத்துக்கொள்வார்கள், பங்களாவை நினைத்துக்கொள்வார்கள். லயத்துக் காம்பராவை யாரும் நினைக்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

2023 பெப்ரவரியில் மூன்று நாள். கம்பளை வரை சைக்கிள்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கிருந்து புசல்லாவ, கட்டுகித்துல, தவலந்தென்ன வழியாக முதல் நாள் இரவு இறம்பொடை. மறுநாள் லபுக்கலை ஏறி நுவரெலியா. மூன்றாம் நாள் நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன். தாளில் பார்த்தால் அழகுதான். கம்பளை ஐந்நூறு மீற்றருக்கும் கீழே, நுவரெலியா 1868 மீற்றர். யாங்ஷுவோவில் மலையைச் சுற்றிப் போவார்கள். எங்கள் வீதி மலையின் முதுகிலேயே ஏறிப்போகிறது.

குழு ஓட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. முன்னால் வழி தெரிந்தவர் ஒருவர், பின்னால் 'கடைசி ஆள்' ஒருவர். கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. யார் நின்றாலும் நிற்க வேண்டும், யார் தள்ளிக்கொண்டு நடந்தாலும் அவரோடு நடக்க வேண்டும். பம்ப், மேலதிக டியூப், மருந்துப் பை எல்லாம் அவரிடம். சந்திக்குச் சந்தி முன்னால் போனவர்கள் காத்திருந்து, கடைசி ஆளின் முகத்தைக் கண்ட பிறகுதான் நகர்வார்கள். அவர் வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். எங்களை நடத்திய பெண் வயதில் என்னைவிடப் பத்து குறைவு, அதிகாரத்தில் பத்து கூடுதல். ஊர்க்காரன் என்பதால் அந்த வேலையை என்னிடம் தந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

புசல்லாவ வரை எல்லாம் சரியாகப் போனது. அங்கே தேநீர்க் கடையில் நான் கொஞ்சம் அளந்தேன். இலங்கையில் தேயிலை என்றால் எல்லோரும் ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர, 1867 என்பார்கள். அதற்கும் இருபத்தாறு வருடம் முன்னால், 1841இல், டி வோர்ம்ஸ் என்ற குடும்பத்தார் சீனாவிலிருந்து தேயிலைக் கன்று கொண்டுவந்து இதே புசல்லாவையில், ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார்கள். அது கோப்பிக் காலம் என்பதால் தேயிலை எடுபடவில்லை. "ஆக, சீனாவுக்கு வந்து சேர்ந்திட்டம்" என்றார் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணை எங்கள் எல்லோரையும்விடச் சைக்கிள் தெரிந்தவர். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை அவர். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது தாயைக் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்திருக்கிறார். ஆனால் யாழ்ப்பாணத்தில் மேடு என்றால் பாலம்தான். புசல்லாவையைத் தாண்டி ஏறி இறங்கும் வீதியில் அவருடைய முழங்கால் மடங்க மறுத்தது. இறங்கித் தள்ளினார். நானும் இறங்கித் தள்ளினேன். நான்கு மணி ஆகியிருந்தது.

இங்கேதான் நான் செய்தது வருகிறது.

இன்னும் இரண்டு வளைவு போனால் எங்கள் தோட்டத்துச் சந்தி. ஒரு முனியாண்டி கோயில், ஒரு கடை, பஸ் நிற்கும் இடம். நாலரைக்குக் கொழுந்து நிறுத்து முடித்துப் பெண்கள் அந்த வழியாகத்தான் லயத்துக்கு நடப்பார்கள். நான் என்னையே குனிந்து பார்த்தேன். தொடையோடு ஒட்டிப் பிடித்த கறுப்புக் காற்சட்டை, பின்பக்கம் பஞ்சு வைத்தது. மஞ்சள் சட்டை, கோழிக்கொண்டை மாதிரி ஹெல்மட். அம்மாவோடு மலைக்குப் போன பெண்கள், எனக்கு மூக்குச் சிந்தி விட்ட பெண்கள், நாள் முழுதும் கூடை சுமந்த முதுகோடு வருவார்கள். அவர்கள் முன்னால் இந்தக் கோலத்தில், விளையாட்டுக்காக வாங்கிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மெதுவாக நடந்துபோக வேண்டும். அவர்கள் அன்று வாங்கியது ஆயிரம் ரூபாய், அதுவும் எடை சரியாக வந்தால். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். எங்கள் மூன்று நாளுக்கு ஆளுக்கு ஆகும் செலவு அவர்களில் ஒருத்தியின் ஒரு மாதச் சம்பளம்.

வெட்கம் காற்சட்டையைப் பற்றியது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

"அண்ணை, நான் கொஞ்சம் முன்னுக்குப் போய் நிக்கவா?"

"தம்பி, நீர் போம். நான் ஆறுதலா வாறன்."

ஏறி மிதித்தேன். சந்தியைத் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன். கூட்டமாக யாரோ சிரித்தது காதில் விழுந்தது. என்னைப் பார்த்துத்தானா என்று தெரியாது, திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வளைவில் நின்றிருக்கலாம். அதற்கடுத்த வளைவிலும் நின்றிருக்கலாம். இறக்கம் வந்தது, சைக்கிள் தானாக ஓடியது. தவலந்தென்ன சந்தியில் காத்திருந்தவர்கள் என் மஞ்சள் சட்டையைத் தூரத்தில் கண்டதுமே கையைக் காட்டிவிட்டுக் கிளம்பினார்கள். கடைசி ஆள் வந்துவிட்டான் அல்லவா?

இறம்பொடை விடுதியில் தேநீர் வந்தது. கீழே கொத்மலை நீர்த்தேக்கம் கருத்துக்கொண்டிருந்தது. சுவீடன் உதவியோடு 1979இல் தொடங்கி 1985இல் திறந்த அணை, 87 மீற்றர் உயரம், 201 மெகாவொட். ஊர்களும் விகாரைகளும் அந்தத் தண்ணீருக்குள் போயின. திறந்தபோது எனக்கு மூன்று வயது. அங்கே பிறந்த மின்சாரம் எங்கள் லயத்துக்கு ஏறி வர இன்னும் பத்து வருடம் எடுத்தது. இதையெல்லாம் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். விபரமாக, கை காட்டி.

"அண்ணை எங்கே?" என்று நடத்துநர் பெண் கேட்டாள்.

"பின்னாலதான். இந்தா வந்திடுவார்."

அந்த வாக்கியத்தை நான் மூன்று தரம் சொன்னேன். முதல் தரம் நம்பிச் சொன்னேன். மற்ற இரண்டும் தெரிந்தே சொன்ன பொய். நாற்பது நிமிடம் போனது. தொலைபேசி எடுபடவில்லை. மெல்லத் தூறல் தொடங்கி, பனி கீழிருந்து எழும்பி வந்தது. நான்காம் தரம் அவள் கேட்கவில்லை. எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். "கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டாள். சந்தியின் பெயரைச் சொன்னேன். அது இருக்கும் தூரத்தைக் கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஹெல்மட்டை எடுத்தாள்.

விடுதிக்காரர் ஓட்டோ பிடித்துத் தந்தார். வாரக் கோட்டாவில் மிச்சமிருந்ததே கொஞ்சம்தான் என்று ஓட்டோக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சம் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அந்த வீதியின் பள்ளங்களை ஒவ்வொன்றாக எனக்குத் தெரியும், சிறு வயதில் எட்டிப் பார்த்துக் கல் எறிந்திருக்கிறேன். கல் விழும் சத்தம் கேட்க எவ்வளவு நேரமாகும் என்பதும் தெரியும். நடத்துநர் பெண் பக்கத்தில் இருந்தாள். நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சந்திக் கடையில் கேட்டதும் பையன் ஒருவன் சொன்னான்: "மேட்டு லயத்துல இருக்காரு. கால் புடிச்சுக்கிச்சு."

படி ஏறினோம். மூன்றாவது காம்பராவின் இஸ்தோப்பில் அண்ணை உட்கார்ந்திருந்தார். முழங்காலில் சுடுதண்ணீர்த் துணி, கையில் இஞ்சி போட்ட சாயத்தண்ணி, தோளில் யாருடையவோ கம்பளி. பக்கத்தில் அவருடைய சைக்கிளைத் துடைத்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். முன்னால் குந்தியிருந்த பெரியம்மா விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

"அடேய், நம்ம தம்பியா?"

ஊர் கூடிவிட்டது. காற்சட்டையை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கொழும்பு, பிள்ளைகள், அம்மாவின் திவசம் எல்லாம் விசாரித்த பிறகு பெரியம்மா சாவதானமாகக் கேட்டார்: "ஒங்கூடத்தான் வந்தேன்னு இவரு சொல்றாரு. அப்பறம் எப்புடிய்யா தனியா வந்தாரு?"

"நான்தான் போகச் சொன்னனான்" என்று அண்ணை குறுக்கே விழுந்தார்.

"நீங்க சொல்வீங்க. இவனுக்கு அறிவு எங்க போச்சு?"

அந்தப் பெரியம்மாவுக்குப் பிறவியிலேயே ஒரு கால் குட்டை. மலையிலிருந்து இறங்கும்போது எப்போதும் பின்தங்குவார். சிறு வயதில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து அடுப்பு மூட்டியிருப்பார்கள், என் அம்மா மட்டும் இருட்டுகிற நேரத்தில் வருவாள். ஏன் நீ மட்டும் கடைசி என்று அழுது சண்டை போட்டிருக்கிறேன். பெரியம்மாவோடு நடந்து வந்தேன் என்பாள். அட்டை கடித்த காலோடு, பசியோடு, கூடையோடு, அவர் நடையில் தன் நடையை வைத்து வந்திருக்கிறாள். எத்தனை வருடம் என்று கணக்கில்லை. பெரியம்மா அன்றிரவு அதை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் தேவலாம் போல இருந்தது.

கிளம்பும்போது அவருக்கு ஒரு சந்தேகம். "இந்த மலையில இப்புடி மிதிச்சு ஏறுறதுக்கு ஒங்களுக்கு எவ்வளவு குடுக்குறாங்க?"

"குடுக்கல பெரியம்மா. நாங்கதான் குடுக்குறோம்."

லயமே சிரித்தது. நடத்துநர் பெண்ணுக்கு நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு ஓட்டோவில், சிரிப்பு அடங்கியதும், "இது உங்கள் வீடு என்று ஏன் சொல்லவில்லை?" என்றாள். இருட்டில் பதில் சொல்லாமல் இருப்பது சுலபம்.

மறுநாள் காலையில் அண்ணையைப் பஸ்ஸில் ஏற்றி நுவரெலியாவுக்கு அனுப்பலாம் என்று முடிவானது. அண்ணை மட்டும் சம்மதிக்கவில்லை. தள்ளிக்கொண்டாவது வருவேன் என்றார். பெண் என்னைப் பார்த்தாள். கடைசி ஆள் வேலையை வேறு யாருக்காவது கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். மருந்துப் பையை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

இறம்பொடையிலிருந்து லபுக்கலை வரை வீதி தன் மேலேயே மடிந்து மடிந்து ஏறும். மற்றவர்கள் இரண்டு மடிப்பு மேலே சின்ன நிறங்களாகத் தெரிந்து, பிறகு தெரியவில்லை. அண்ணை நூறு அடி மிதிப்பார், இறங்குவார், இருநூறு அடி தள்ளுவார். நான் பின்னால். மெதுவாக ஓடுகிற சைக்கிளை விழாமல் பிடிப்பதுதான் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, மரின் டிரைவ் அதைச் சொல்லித் தரவில்லை. மரக்கறி லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு இறங்கின. ஒன்பது மணிக்குப் பனி விலகியது. வளைவு ஒன்றில் அண்ணை நின்று, சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நீர்த்தேக்கம் கண்ணாடித் துண்டு போலக் கிடந்தது. அதைச் சுற்றி மலைக்கு மலை லயங்கள், தீப்பெட்டியை வரிசையாக அடுக்கியது மாதிரி.

இருபது யுவான் தாளை எடுத்து அந்தக் காட்சிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். பிறகு மடித்து வைத்துக்கொண்டார்.

"உம்மடை லயம் எது?"

அவர் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினேன். தண்ணீருக்கு இடப்பக்கம், கோயில் கோபுரத்துக்கு மேலே, புகை வருகிற வரிசை. அதில் இந்தப் பக்கத்துக் காம்பரா ஒன்று.

"இராத்திரி நான் இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீடோ?"

"ரெண்டு காம்பரா தள்ளி."

அவர் நெடுநேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவசரப்படவில்லை. எங்கள் காம்பராவின் கூரையில் புதுத் தகரம் போட்டிருந்தார்கள், வெயில் பட்டு அது மட்டும் தனியாகத் தெரிந்தது.