நெய்வேலி பார்த்தவர்களுக்கு முனிடி புரியாது

நம்ம ஊர்க்காரர்களுக்குச் சுரங்கம் என்றாலே நெய்வேலிதான் ஞாபகம் வரும். வானம் தெரியும், பெரிய பெரிய இயந்திரம் மண்ணை வழித்துக் கொட்டும், பள்ளி மாணவர்களைக்கூட சுற்றுலா கூட்டிப்போய் மேலே நிறுத்திக் காட்டுவார்கள். தன்பாத் பக்கம் ஜரியா நிலக்கரி வயலில் அப்படியும் சுரங்கங்கள் உண்டு. சொல்லப்போனால் இந்தியாவில் வெட்டும் நிலக்கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திறந்தவெளியில்தான் வருகிறது. மிச்சம் இருக்கிற கொஞ்சத்துக்கு மனுஷன் பூமிக்குள் இறங்குகிறான். முனிடி அந்த வகை.

பக்கத்து பிளாக்கில் இருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்தின் பெண் மைனிங் இன்ஜினியரிங் முடித்திருக்கிறாள். 2019-ல் சட்டம் தளர்ந்தபோது தொழில்நுட்ப, மேற்பார்வை வேலைகளுக்குப் பெண்களும் பகலில் நிலத்தடிக்கு இறங்க அனுமதி கிடைத்தது. அவளுக்கும் நிலத்தடியில்தான் போஸ்டிங். அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "அண்ணாச்சி, உங்க பேங்க்குக்கு சுரங்க ஆபீசருங்கல்லாம் வருவாங்கல்லா, உள்ள காத்து இருக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார். கணக்கு வைத்திருக்கும் ஒரு வங்காளி நண்பர் வென்டிலேஷன் ஆபீசர். பி.காம். படித்த எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிலக்கரிக்குள்ளேயே மீத்தேன் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. வெட்டும்போது அழுத்தம் குறைந்து வெளியே வரும். வாசனை இல்லை, நிறம் இல்லை. காற்றைவிட லேசு என்பதால் கூரையோடு படர்ந்து நிற்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அந்த வெடிப்பு தரையில் கிடக்கும் கரித்தூளைக் கிளப்பிவிட்டால், அந்தத் தூளே அடுத்த வெடிமருந்து. இதே வயலில் பாட்டிடீ சுரங்கத்தில் 2006 செப்டம்பர் 6-ம் தேதி நடந்த வெடிப்பில் 50 பேர் போனார்கள். அதற்கு முன்னால் 1965 மே மாதம் தோரியில் 268 பேர். இங்கே பழைய ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தப் பெயர்கள் தானாக வரும்.

அதனால் ஒவ்வொரு கரிப் படுகைக்கும் ஒரு 'டிகிரி' உண்டு. ஒரு டன் கரிக்கு 1 கனமீட்டர் வாயுவுக்கு மேல் போகாமல், காற்றிலும் 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் முதல் டிகிரி. 10 கனமீட்டர் வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. (நாம் வாங்கிய டிகிரிக்கு நேர் எதிர். இங்கே எண் கூடக் கூட பயமும் கூடும் :-) )

சட்டம் என்ன சொல்கிறது? ஆளுக்கு நிமிஷத்துக்கு 6 கனமீட்டர் காற்று, அல்லது தினசரி உற்பத்தியில் டன்னுக்கு 2.5 கனமீட்டர், எது அதிகமோ அது. ஒரு பகுதியைக் கழுவிவிட்டுத் திரும்புகிற காற்றில் மீத்தேன் 0.75 சதவீதம் தாண்டக்கூடாது. எந்த இடத்திலும் 1.25-ஐத் தாண்டினால் கரண்டை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

இனி நம்ம கணக்குக்கு வருவோம். கற்பனையாக ஒரு சுரங்கம், நாளைக்கு 3,000 டன். சட்டப்படி நிமிஷத்துக்கு 7,500 கனமீட்டர் காற்று. ஆனால் டன்னுக்கு 40 கனமீட்டர் வாயு வருகிறது என்று வையுங்கள். நாளைக்கு 1,20,000 கனமீட்டர், அதாவது நிமிஷத்துக்கு சுமார் 83. இதை 0.75 சதவீதத்துக்குள் அடக்க 11,000 கனமீட்டருக்கு மேல் காற்று வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. "ஃபேனைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் போச்சு" என்றேன். சிரித்தார். அதே பாதையில் காற்றை இரண்டு மடங்காக்க அழுத்தம் நாலு மடங்கு, மின்சாரம் எட்டு மடங்கு வேண்டுமாம். ஒன்றரை மடங்கு காற்றுக்கே மின்சாரம் மூன்று மடங்குக்கு மேல். அதிலும் ஃபேன் இழுக்கிற காற்றில் பெரும் பங்கு கதவு இடுக்கு, தடுப்புச் சுவர் ஓட்டை வழியாகக் குறுக்கே ஓடிவிடும், வெட்டும் முகத்துக்குப் போய்ச் சேராது. எங்கள் வட்டிக் கணக்கைவிட மோசமான கூட்டல்.

அதனால்தான் முன்கூட்டியே வாயுவை வடிப்பது. கரி வெட்டுவதற்கு முன்பே மேலிருந்து துளை போடலாம், இல்லை உள்ளே இருந்தபடியே படுகைக்குள் கிடைமட்டமாகத் துளைத்துக் குழாய் வைத்து இழுக்கலாம். வெட்டி முடித்து கூரை சரிந்த பகுதியிலிருந்தும் எடுக்கலாம். பாதி வாயுவை இப்படி எடுத்துவிட்டால் மேலே சொன்ன கணக்கில் 5,600 கனமீட்டர் காற்றே போதும், சட்டம் கேட்கும் 7,500-க்குள் அடங்கிவிடுகிறது. எடுத்த மீத்தேனை எரித்து மின்சாரமும் பண்ணலாம். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு முனிடியில் செய்தே காட்டினார்கள். ஒரே நிபந்தனை, குழாயில் வரும் வாயு செறிவாக இருக்கவேண்டும், 30 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உலக அளவிலான வழிகாட்டுதல். காற்று கலந்து நீர்த்துப் போனால் வெடிக்கும் கலவையைக் குழாயில் அடைத்து ஊர்வலம் விடுவது போல ஆகிவிடும்.

சிக்கல் எங்கே என்றால் நேரம். நம் கரிக்குள் வாயு லேசில் நகராது. மாசக்கணக்கில், சில இடங்களில் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு டன் கரியும் வராத நாளில் துளைக்குப் பணம் கேட்கிற வேலை இது. திட்ட அறிக்கை படிக்கிற எங்களை மாதிரி ஆட்கள் 'இதில் வருமானம் என்ன' என்று பென்சிலால் கோடு போடுகிற இடமும் இதுதான். அந்தக் கோட்டை யோசித்துப் போடணும் என்பது என் கட்சி.

பக்கத்து வீட்டுப் பெண் சேரப்போவது இரண்டாம் டிகிரி. "ரெண்டுன்னா நல்லதா, கெட்டதா?" என்றார் அம்மா. "நடுவாந்தரம்மா. கருவி வச்சிருப்பாங்க, நானே அளப்பேன்" என்றாள் அவள். சேர்ந்த முதல் வாரமே காற்றோட்ட வரைபடத்தைக் கேட்டு வாங்கச் சொல்லி என் நண்பர் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த நண்பருக்கு ஒரு பழக்கம். சித்திரை, வைகாசியில் இங்கே சாயங்காலம் திடீரென்று கருத்து அடிக்கும் காலவைசாகிப் புயல். நாமெல்லாம் துணி எடுக்க மாடிக்கு ஓடுவோம். அவர் பாரோமீட்டரைப் பார்ப்பார். காற்றழுத்தம் சட்டென்று இறங்கினால், பழைய வெட்டுப் பகுதிகளில் தேங்கிய மீத்தேன் மூச்சு விட்ட மாதிரி வெளியே வருமாம். போனை எடுத்து உள்ளே இருக்கும் ஓவர்மேனிடம், ரிட்டர்ன் பாதையில் இன்னொரு தடவை அளந்து சொல்லச் சொல்வார். பதில் வரும்வரை டீயைத் தொடமாட்டார்.