அப்பா மாஸ்டர், அம்மா ஆபீஸ்



தெரியாதவங்களுக்கு ஒரு முன்கதை. எங்க கல்லூரி விடுதியில ஞாயிறு சாயங்காலம் ஒரு வாசகர் வட்டம் கூடும். புதுசா ஒருத்தர் சேர்ந்தா, ஏற்கனவே இருக்கறவங்க ஆளுக்கொரு கேள்வியைத் துண்டுச்சீட்டுல எழுதி ஒரு பழைய பிஸ்கட் டின்ல போடுவாங்க. யார் கேட்டதுன்னு பேர் போடக்கூடாது. புது ஆளு எல்லாத்துக்கும் எழுத்துல பதில் சொல்லியாகணும். இந்தத் தடவை மாட்டினது நான். டின்னைக் கவுத்தா பன்னெண்டு சீட்டு. அதுல ஒண்ணுல கேள்வியே இல்ல, சிரிக்கிற மூஞ்சி மட்டும் வரைஞ்சிருக்கு. (பதில்: நானும் சிரிச்சுட்டேன்.)

சுலபமானதை முதல்ல முடிச்சுடறேன். பிடிச்ச நிறம்: கரிசல் மண்ணு முதல் மழையில நனைஞ்சதும் ஒரு கருப்பு வருமே, அது. பிடிச்ச சாப்பாடு: விருதுநகர் எண்ணெய் பரோட்டா. காரணம் பின்னால வரும். பிடிச்ச எழுத்தாளர்: கி.ரா. அவரோட இடைசெவல் எங்க ஊர்ல இருந்து ரொம்ப தூரமில்லைங்கறதுக்காகச் சொல்லல. எங்க அப்பத்தா வாயில மட்டுமே கேட்டிருந்த வார்த்தைகளை அச்சுல முதல் தடவையா அவர் புத்தகத்துலதான் பார்த்தேன். அதுவரைக்கும் அதெல்லாம் எங்க வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாகிற வார்த்தைன்னுதான் நினைச்சுட்டிருந்தேன். கிரிக்கெட்டா, கால்பந்தா: கபடி. எதுக்குப் பயம்: ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப் வைவா.

இந்த மாதிரி பிடிச்ச கலர், பிடிச்ச ஹீரோ கேள்வியெல்லாம் பத்தாங்கிளாஸ் ஸ்லாம் புக்கோட முடிஞ்சு போகணும், காலேஜ் வந்தும் இது என்ன சின்னப்புள்ளத்தனம்னு வட்டத்துலயே ரெண்டு அண்ணன்கள் சலிச்சுக்கிட்டாங்க. அவங்களுக்காக ஒரு தகவல். 1865-ல கார்ல் மார்க்ஸ் இதே விளையாட்டை விளையாடியிருக்கார். கேள்வி கேட்டது அவரோட மகள்கள். அந்தக் காலத்து இங்கிலாந்து வீடுகள்ல இதுக்குக் ‘கன்ஃபெஷன்ஸ்’னு பேரு. பிடிச்ச நிறம் என்னன்னு கேட்டதுக்கு அவர் சிவப்புன்னு எழுதியிருக்கார் (வேற என்னத்த எழுதப் போறார்!). பிடிச்ச சாப்பாடு மீன். நாயகர்கள்னு ரெண்டு பேர்: அடிமைகளோட கலகத்துக்குத் தலைமை தாங்கின ஸ்பார்ட்டகஸ், கிரகங்கள் எப்படிச் சுத்துதுன்னு கணக்குப் போட்ட கெப்ளர். ‘மூலதனம்’ படிக்க எனக்குப் பொறுமை இல்ல. ஆனா மீன் பிடிக்கும்னு சொல்லிட்டு ஸ்பார்ட்டகஸ் பக்கத்துல கெப்ளரை உக்கார வெச்ச அந்த ஆளை எனக்கு உடனே பிடிச்சுப் போச்சு. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட்டும் 1880-கள்ல, பையனா இருந்தப்பவே, தோழி ஒருத்தியோட ஆல்பத்துல இந்த மாதிரி கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கார். கேள்விகளைத் தயார் பண்ணினது அவர் இல்ல. இருந்தாலும் இன்னிக்கு வரைக்கும் ‘ப்ரூஸ்ட் கேள்வித்தாள்’னு அவர் பேர்லதான் அது ஓடிக்கிட்டிருக்கு.

என்னைக் கேட்டா கலர் கேள்விதான் உலகத்துலயே நாகரிகமான கேள்வி. பச்சைன்னு சொன்னா உங்களை யாரும் ஒரு படி மேல ஏத்த மாட்டாங்க, ஊதான்னு சொன்னா ஒரு படி கீழ இறக்க மாட்டாங்க. மத்தவங்க ரொம்ப சாதாரணம்னு நினைச்சுக் கேக்கற கேள்விகள்தான் எனக்குப் பிரச்சனை. டின்ல அப்படி மூணு சீட்டு இருந்துச்சு.

முதலாவது: அப்பா, அம்மா என்ன பண்றாங்க?

பத்து வார்த்தையில முடியற பதில்தான். ஆனா முதல் வருசம் விடுதியில நடந்ததைச் சொல்லாம இதுக்குப் பதில் சொன்னா சுவாரஸ்யம் போயிடும். ரூமுக்கு நாலு பேர். பெட்டியைக்கூடப் பிரிக்கல, அதுக்குள்ள அறிமுகப்படலம். “உங்க அப்பா?”ன்னு கேட்டாங்க. “விருதுநகர்ல மாஸ்டரா இருக்காங்க”ன்னேன். “ஓ, டீச்சரா! என்ன சப்ஜெக்ட்?” “பரோட்டா.” கட்டில் குலுங்கச் சிரிச்சாங்க, நானும்தான். “அப்ப அம்மா?” “ஆபீஸ்ல வேலை.” “எந்த ஆபீஸ்?” “தீப்பெட்டி ஆபீஸ்.” மறுபடியும் சிரிப்பு.

இது ஜோக்குக்காகச் சொன்னதில்லைங்க. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி செய்யற இடத்தை ஜனங்க ஆபீஸ்னுதான் சொல்லுவாங்க. ‘பட்டாசு ஆபீஸ்’னும் உண்டு. காலையில தூக்குவாளியோட வேன்ல ஏறிப் போற பொம்பளைங்ககிட்ட யாராவது கேட்டா ‘ஆபீஸுக்குப் போறேன்’னுதான் பதில் வரும். எங்க ஊர்ல யாருக்கும் அது வேடிக்கையாத் தெரியாது. கோயம்புத்தூருக்கு வந்த அன்னிக்குத்தான் ஆபீஸ்னா ஏசி, கம்ப்யூட்டர்னு மட்டும் நினைக்கிற ஆளுங்களும் இருக்காங்கன்னு தெரிஞ்சுது.

அம்மா வேலை பெட்டிக்குள்ள குச்சி அடைக்கிறது. எண்ண மாட்டாங்க. ஒரு பிடி அள்ளினா அம்பதுக்கு ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன இருக்கும், அவ்வளவுதான். எங்க ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேப்ல இருக்கற மெஷினுக்கு அந்தத் துல்லியம் கிடையாது (அதை வருசா வருசம் சரி பண்றாங்கன்னு மட்டும் எழுதி ஒட்டியிருக்கு). 50 பைசா தீப்பெட்டி ஒரு ரூபாய் ஆனது 2007-ல. அதுக்கப்புறம் 14 வருசம் அதே ஒரு ரூபாய். இந்த நாட்டுல 14 வருசம் விலை ஏறாத சாமான் வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டைன்னு எல்லாம் ஏறினப்புறம் 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூபாய் ஆச்சு. அன்னிக்கு அம்மா போன் பண்ணி, “பெட்டி ரெண்டு ரூவாயாமய்யா”ன்னு வீட்ல ஏதோ விசேஷம் மாதிரி சொன்னாங்க. கூலி கொஞ்சம் கூடுச்சு. ரெண்டு மடங்கெல்லாம் ஆகல.

அப்பா மதியம் மூணு மணிக்கு மாவு பிசைய ஆரம்பிச்சா கடை சாத்த நடுராத்திரி தாண்டிடும். எண்ணெய் பரோட்டா பிடிக்கும்னு சொன்னதுக்குக் காரணம் வந்துடுச்சா?

சரி, விடுதி ரூமுக்கு வர்றேன். எல்லாரும் சிரிச்சப்ப ஒருத்தன் மட்டும் சிரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு ரொம்பப் பணிவா, “சாத்தூர்னா டவுனேவா, பக்கத்து ஊரா?”ன்னு கேட்டான். பக்கத்து ஊருன்னேன். “ஊருக்குள்ளயா, வெளியிலயா? எந்தத் தெரு?” அவன் சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். சாத்தூரை மேப்லகூடப் பார்த்திருக்க மாட்டான். அவனுக்கு எதுக்கு எங்க தெரு?

தமிழ்நாட்டுல வளர்ந்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்தைப் பேருக்குப் பின்னால போடறதை விடணும்னு தீர்மானம் போட்டாங்க. அது பலிச்சுது. இன்னிக்கு எங்க வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்தா ஒரு பேரும் ஒரு இனிஷியலும்தான் இருக்கும். வடக்க இருந்து வந்து எங்களோட படிக்கிற பசங்க ‘உங்க யாருக்குமே சர்நேம் இல்லையா?’ன்னு ஆச்சரியப்படுவாங்க. முன்வாசல் சாத்திட்டதால கேள்வி கொல்லைப்புறமா வருது. எந்தத் தெரு, எந்தக் கோயில், உங்க ஊர் இன்னாரைத் தெரியுமா... டின்ல இருந்த ரெண்டாவது, மூணாவது சீட்டும் இதுதான். ஒண்ணு, ‘முழுப்பெயர் என்ன?’ இன்னொண்ணு, ‘ஊர்ல எந்தத் தெரு?’

எழுதினவங்க வெள்ளந்தியாவே கேட்டிருக்கலாம். பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வரணும்னு ஆசையா இருக்கலாம். வாங்க, சாத்தூர்ல இறங்கினதும் போன் பண்ணுங்க, சைக்கிள்ல வந்து கூட்டிட்டுப் போறேன். சேவும் வெள்ளரிக்காயும் என் செலவு. தெருப் பேர் மட்டும் எழுத மாட்டேன். நான் எந்தத் தெருன்னு வெளிய தெரிஞ்சா எனக்கு வெக்கம்னு யாரும் முடிவு பண்ண வேண்டாம். உசந்த தெருவா இருந்தாலும் இதே பதில்தான். அந்தக் கேள்விக்கு வர்ற பதில்ல இருந்து என்னைப் பத்தி ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. என்கூட எப்படிப் பேசறதுங்கறதை வேணா முடிவு பண்ணிக்கலாம். முழுப்பெயர் என் பேருதான். இனிஷியல் எங்க அப்பா பேரோட முதல் எழுத்து, பரோட்டா மாஸ்டர் பேரு.

(சட்டம் தெரிஞ்ச மக்களுக்கு: ராகிங் பத்தின யுஜிசி விதிமுறை 2009-ல வந்துச்சு. 2016-ல அதைத் திருத்தினப்ப, சாதி, மதம், மொழியோட பிறந்த ஊர், குடியிருக்கிற இடம், வீட்டுப் பொருளாதார நிலைமை இதையெல்லாம் வெச்சு ஒருத்தனைத் துன்புறுத்தறதும் ஒதுக்கறதும் ராகிங்னு சேர்த்தாங்க. குடியிருக்கிற இடம்னு எழுதினவர் எந்தத் தெருவுல வளர்ந்தாரோ!)

அடுத்த சீட்டு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ‘போன் பண்றதுக்கு முன்னாடி என்ன பேசணும்னு ஒத்திகை பார்ப்பியா?’

இதை எழுதினவர் ஆர்தர் ஆரோனைப் படிச்சிருக்கார்னு நினைக்கிறேன். அமெரிக்க உளவியலாளர். 1997-ல சக ஆய்வாளர்களோட சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டார். முன்பின் தெரியாத ரெண்டு ரெண்டு பேரை உக்கார வெச்சு, 36 கேள்விகளை மூணு பகுதியாக் குடுத்து, 45 நிமிசம் பேசச் சொன்னாங்க. மேலோட்டமா ஆரம்பிச்சுப் போகப் போக ஆழமாகிற கேள்விகள். போன் ஒத்திகையும் அதுல ஒண்ணு. இன்னொரு குழுவுக்கு வெறும் அரட்டைக் கேள்விகள். முதல் குழு ஆளுங்கதான் ஒருத்தருக்கொருத்தர் அதிக நெருக்கமா உணர்ந்தாங்க. 2015-ல மேண்டி லென் கேட்ரன் நியூயார்க் டைம்ஸ்ல எழுதின கட்டுரைக்கப்புறம் இதுக்குக் காதல் வர வைக்கிற கேள்விகள்னு பேராயிடுச்சு. ஆய்வு காதலுக்காக நடந்ததில்ல. (விடுதியில ரெண்டு பேர் இதை நம்பி அச்செடுத்துச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு அலையறாங்க. பேர் சொல்ல மாட்டேன்.)

எனக்கு அந்த 36 கேள்வியைவிட அதுல இருந்த ஒரு ஏற்பாடுதான் பெருசாப் பட்டுச்சு. ரெண்டு பேரும் பதில் சொல்லணும். நீ ஒண்ணு கேட்டா அதே கேள்விக்கு நீயும் வாயைத் திறக்கணும். எங்க ரூம்ல தெருவைக் கேட்ட பையன்கிட்ட “உங்க ஊர்ல நீ எந்தத் தெரு?”ன்னு திருப்பிக் கேட்டேன். “அதை விடு மச்சி”ன்னு பேச்சை மாத்திட்டான்.

ஒத்திகைக்கு என் பதில்: ஆமா, இங்கிலீஷ்ல பேசணும்னா நிச்சயம் உண்டு. இன்டர்ன்ஷிப்புக்காக ஒரு கம்பெனிக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி மொட்டைமாடியில நாப்பது நிமிசம் நடந்தேன். எடுத்தவர் “சொல்லுங்க தம்பி, சாப்டீங்களா?”ன்னார். மனப்பாடம் பண்ணினது அத்தனையும் வீண் :-)

‘இதுவரைக்கும் பதில் சொன்னதுலயே உனக்கு லாபமா அமைஞ்ச கேள்வி எது?’ன்னு ஒருத்தர். சந்தேகமே இல்ல. உங்க குடும்பத்துல உங்களுக்கு முன்னாடி பட்டம் வாங்கினவங்க யாராவது உண்டாங்கற கேள்விதான். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு மனு போடறப்ப வரும். இல்லைன்னு சொன்னேன், கல்விக் கட்டணத்துல சலுகை கிடைச்சுது. தமிழ்நாட்டுல 2010-ல ஆரம்பிச்ச திட்டம். வேற எந்தப் படிவத்துலயும் ‘இல்லை’ங்கற பதிலுக்கு யாரும் எங்களுக்கு ஒண்ணும் குடுத்ததில்ல. என் தங்கச்சிக்கு அது கிடைக்காது, எனக்கு ஏற்கனவே குடுத்துட்டாங்க. அதுக்கு அவ என்னோட இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்கா.

கடைசிச் சீட்டு: ‘எங்ககிட்ட உனக்கு ஏதாவது கேக்கணுமா?’

கேக்கணும். உங்க வீட்ல காலையில முதல்ல எந்திரிக்கிறது யாரு, எந்திரிச்சதும் செய்யற முதல் வேலை என்ன? வட்டத்துல எல்லாரும் சொல்லணும், அண்ணன்கள் உட்பட. என் பதிலை முதல்ல வெச்சுடறேன். எங்க வீட்ல அம்மா, நாலேகாலுக்கு. கண்ணைத் திறந்ததும் கதவைத் திறந்து, திண்ணைக்குக் கீழ அப்பா செருப்பு கிடக்குதான்னு பார்ப்பாங்க.

அடுத்தது யாரு? டின்னைக் கழுவி ஜன்னல்ல காய வெச்சிருக்கேன்.