காலிப் பெட்டிக்குள் பத்து நிமிடம்

திருநெல்வேலியைத் தாண்டித் தூத்துக்குடித் துறைமுகத்தை நெருங்கினால் இரண்டு வகைக் குவியல்கள் கண்ணில் படும். ஒன்று உப்பளத்து உப்பு. மற்றொன்று சிவப்பும் நீலமுமாக அடுக்கி வைத்த கன்டெய்னர்கள். பேச்சில் அது வெறும் 'பெட்டி'தான். விளாத்திகுளம் பக்கத்து வற்றல், மானாவாரி நிலத்து நிலாவாரை இலை (இங்குள்ள விவசாயிகளுக்கு அவுரி), தென்னை நார்க்கழிவுக் கட்டி எல்லாம் இந்தப் பெட்டிகளில்தான் கடல் தாண்டுகின்றன. பல பெட்டிகள் சிறு கப்பலில் கொழும்பு வரை போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும்.

சரக்கு ஏற்ற வரும் காலிப் பெட்டி புதிதல்ல. போன பயணத்தில் அதில் பழைய காகிதமோ, ரசாயன மூட்டையோ, பதப்படுத்தாத தோலோ வந்திருக்கலாம். வற்றல் மூட்டைகளோடு கூலியாட்கள் காத்திருக்க, டிரெய்லர் ஓட்டுநர், "எல்லாப் பெட்டியும் இப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி, ஏத்துங்க" என்பார். அந்த அவசரத்தில்தான் பல சரக்குகள் கெட்டுப்போகின்றன.

அனுபவமுள்ள மேற்பார்வையாளர் உடனே உள்ளே போகமாட்டார். இரண்டு கதவையும் விரியத் திறந்து காற்றாட விடுவார். முன்பு போட்ட புகைமூட்ட மருந்தின் நச்சு வாயு உள்ளே தங்கியிருந்தால் ஆளுக்கே ஆபத்து. கதவில் மண்டையோட்டு எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தால், வாயு வெளியேறிவிட்டது என்று உறுதியாகும் வரை யாரும் ஏறக் கூடாது.

பிறகு வெளிச்சச் சோதனை. "வெளிய நின்னு கதவுல கை வச்சுக்கோங்க அண்ணாச்சி, கொண்டி மட்டும் போட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். கதவு சாத்தியதும் கும்மிருட்டு; உடம்பு வேர்த்து ஊற்றும். கண் இருட்டுக்குப் பழகியபின் கூரை, மூலைகள், கதவு ரப்பர் ஓரம் எல்லாம் பார்ப்பார். ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த வழியாகக் கடல்நீரும் மழையும் இறங்கும். உப்புக் காற்றில் கூரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுவது சாதாரணம்.

அடுத்தது மூக்கு. நிலாவாரை இலை, வற்றல் போன்றவை வாடையை இழுத்துக்கொள்ளும். பெட்டியில் மருந்து வாடையோ மண்ணெண்ணெய் வாடையோ இருந்தால் அதற்கு மேல் பார்க்க வேண்டியதே இல்லை, திருப்பி அனுப்பலாம்.

தரை ஒட்டுப்பலகையால் ஆனது. ஈரக்கசிவு, எண்ணெய்க் கறை, சாக்கைக் கிழிக்கும் ஆணி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பலகை இடுக்கிலுள்ள தூசியைக் கூட்டி வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால் கப்ரா வண்டின் ரோமம் நிறைந்த புழுத்தோல் தெரியலாம். அதன் புழு இரையில்லாமலே மாதக்கணக்கில், சிலசமயம் ஆண்டுக்கணக்கில் இடுக்கில் கிடக்கும். ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் இந்த வண்டு விஷயத்தில் மிகக் கண்டிப்பு. சரக்குக்குத் தாவர நலச் சான்று வாங்கியிருந்தாலும், தரையில் வண்டு இருந்தால் அங்கே போய் மாட்டிக்கொள்ளும். பெட்டியின் வெளிப்புறத்திலும் அடிப்பகுதியிலும் ஒட்டிய சேறு, நத்தை, களை விதை ஆகியவற்றையும் விடக் கூடாது. மரப் பலகைத் தட்டில் அடுக்கி அனுப்பினால், அதில் கதிர் வடிவ முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நல்ல பெட்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. பகல் சூட்டில் சரக்கின் ஈரம் ஆவியாகி, இரவுக் குளிரில் கூரையில் நீர்த்துளியாகிச் சொட்டும். சரியாகக் காயாத வற்றலென்றால் பூசணம் நிச்சயம். அதனால் உட்சுவரில் தடித்த காகிதம் விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுகிறார்கள்.

பெட்டி எண் தெரியும்படி கதவு, கூரை, தரை மூன்றையும் ஏற்றும் முன் படமெடுத்து வைப்பது நல்லது. சீல் வைத்தபின், 'ஓட்டை முன்பே இருந்தது' என்று நிரூபிப்பது பெரும்பாடு. முதல்முறை அனுப்பும் உழவர் குழுக்கள் பெட்டியை மாற்றிக் கேட்கத் தயங்குகின்றன. அரை நாள் கூலி வீணாகும்தான். ஆனால் நிராகரித்த பெட்டி யார்டுக்குப் போய்க் கழுவலுக்கும் பற்றவைப்புக்கும் நிற்கும்; வேறொன்று வந்தால் கதவைத் திறந்து மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதான்.