ஹேண்ட்மேடா சார்?

ஞாயிறன்று ஒரு தெருவோர ஓவியச் சந்தையில் கடை போட்டேன். காலையிலிருந்து இருட்டும்வரை விற்றது இரண்டு வாழ்த்து அட்டை. மயிலாப்பூர் தெப்பக்குளத்தை வாட்டர்கலரில் தீட்டியிருந்தேன். ஒருவர் ரொம்ப நேரம் பார்த்தார், செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்துக் கடையில் 'தஞ்சாவூர் ஓவியம்', 900 ரூபாய். சாய்த்துப் பார்த்தேன். கிருஷ்ணர் கன்னத்தில் அச்சுப் புள்ளிகள் அப்படியே தெரிகின்றன. சாக்பவுடரும் பசையும் குழைத்து மேடு கட்டி, 22 காரட் தங்க ரேக்கு ஒட்டுகிற வேலையே இல்லை; மினுக்குத் தாளும் பிளாஸ்டிக் கல்லும்தான். "ஹேண்ட்மேடா?" என்று கேட்ட அம்மாவிடம் கடைக்காரர் "ஆமாம்மா" என்றார். முழுப் பொய்யும் இல்லை, கல்லை ஒட்டியது கைதானே!

அவரைத் திட்டவும் மனசில்லை. கடை வாடகை ஏற ஏற, அச்சும் சாவிக்கொத்தும் விற்கிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகிறது. நன்றாக வரைகிறவர்கள் இன்ஸ்டாகிராமோடு நின்றுவிட்டார்கள். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் குடியேறியவர்களும் பாத்திக் துணி விற்றுத்தான் சமாளித்தார்கள். ஆனால் அது அவர்களே கைப்படச் செய்தது.

சந்தையில் வரிசை நின்றது கரும்புச்சாறு வண்டியில் மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "அந்தக் குளத்தை ஃபிரிட்ஜ் மேக்னெட்டாப் போட்டா என்னப்பா?" விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.